முதுமையின் மனச்சோர்வும் மருந்துச் சோதனையும்: கோலாலம்பூரில் தொடங்கும் ஒரு நூற்றாண்டுக் கதை

"அப்பாவுக்கு வயசாயிடுச்சு. அதான் பேசாம உட்கார்ந்திருக்காரு."

நம் குடும்பங்களில் அடிக்கடி கேட்கும் வாசகம் இது. சாப்பாடு இறங்கவில்லை, தூக்கம் வரவில்லை, கோயிலுக்குப் போக மனமில்லை, பேரப்பிள்ளைகளின் சத்தம்கூட எரிச்சலாக இருக்கிறது. கேட்டால் முழங்கால் வலி என்பார். வயிறு சரியில்லை என்பார். மனம் சரியில்லை என்று மட்டும் சொல்லமாட்டார். வயதாகிவிட்டது என்ற ஒரே வார்த்தையில் எல்லாவற்றையும் மூடி வைத்துவிடுகிறோம்.

அது வயது அல்ல, நோயாகவும் இருக்கலாம். 2018-ஆம் ஆண்டு சுகாதார அமைச்சு நடத்திய தேசிய சுகாதார ஆய்வில், 60 வயதைக் கடந்த மலேசியர்களில் 11.2 விழுக்காட்டினரிடம் மனச்சோர்வின் அறிகுறிகள் காணப்பட்டன. ஒன்பது பேரில் ஒருவர்! ஒரு திருமண விருந்துப் பந்தியில் அமர்ந்திருக்கும் பெரியவர்களை எண்ணிப் பார்த்தால் இந்தக் கணக்கின் கனம் புரியும்.

இவர்களில் பலருக்கு மாத்திரையும் ஆலோசனையும் பலன் தரும். ஆனால் ஒரு மருந்தைப் போதிய அளவில், போதிய காலம் கொடுத்தும் பலனில்லை. வேறொன்றுக்கு மாற்றியும் பலனில்லை என்ற நிலையில் சிலர் நிற்கிறார்கள். இதைத்தான் மருத்துவர்கள் 'சிகிச்சைக்கு மசியாத மனச்சோர்வு' என்கிறார்கள். இவர்களுக்குப் புதிய மருந்து வேண்டும். புதிய மருந்து வேண்டுமானால் சோதனை வேண்டும். சோதனை என்ற சொல்லைக் கேட்டதுமே குடும்பம் பதறுகிறது. "எங்க அப்பாவை எலியாக்கப் பாக்கறீங்களா?"

இந்தக் கேள்வியை அறியாமை என்று ஒதுக்கிவிட முடியாது. அதற்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. அந்த வரலாற்றின் முக்கியமான ஓர் அத்தியாயம், வெளிநாட்டில் அல்ல, நம் கோலாலம்பூரிலேயே எழுதப்பட்டது.

சாப்பாட்டுக் கொட்டகையில் நின்ற வரிசை

1905-ஆம் ஆண்டு. கோலாலம்பூரில் மனநோயாளிகளை அடைத்து வைத்திருந்த காப்பகத்தில் பெரிபெரி நோய் பரவியது. கால் வீங்கும், நரம்பு தளரும், இதயம் நின்றுவிடும். மலாயாவின் சுரங்கங்களிலும் சிறைகளிலும் ஆயிரக்கணக்கானோரை அன்று வாரிக்கொண்டு போன நோய் இது. இது தொற்றா, அழுக்கா, உணவா என்று மருத்துவர்கள் வாதாடிக்கொண்டிருந்த காலம்.

நெகிரி செம்பிலானில் அரசு மருத்துவராக இருந்த பிராடன் என்பவர் ஒன்றைக் கவனித்திருந்தார். தீட்டிய சியாம் அரிசியை உண்ட சீனத் தொழிலாளர்களுக்கு இந்த நோய் மிகுதியாக வந்தது. தோட்டத்தில் உழைத்த தமிழர்களுக்கோ அநேகமாக வரவே இல்லை. தமிழர்கள் உண்டது புழுங்கலரிசி! நெல்லை அவித்துக் காயவைத்துக் குத்தும் நம் பழைய வழக்கம் அவர்களைக் காத்து நின்றது. 1907-இல் வெளியான தமது நூலில் பிராடன் இதை விரிவாக எழுதினார்.

அது உண்மைதானா என்று பார்க்க முன்வந்தவர் கோலாலம்பூர் மருத்துவர் வில்லியம் ஃபிளெட்சர். 1905-ஆம் ஆண்டின் இறுதியில், காப்பகத்தில் இருந்த நோயாளிகள் அனைவரையும் சாப்பாட்டுக் கொட்டகையில் வரிசையாக நிறுத்தினார்கள். இடப்பக்கத்திலிருந்து ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினார்கள். ஒற்றைப்படை எண்ணில் வந்தவர்கள் கிழக்கு வார்டுக்கு; அவர்களுக்குப் பழையபடி சியாம் அரிசிச் சோறு. இரட்டைப்படையில் வந்தவர்கள் மேற்கு வார்டுக்கு. அவர்களுக்குப் புழுங்கலரிசிச் சோறு. மற்ற உணவெல்லாம் இரு பக்கமும் ஒன்றே.

ஓராண்டு கழித்துக் கணக்குப் பார்த்தபோது, சியாம் அரிசி உண்ட பக்கத்தில் 18 பேர் பெரிபெரிக்குப் பலியாகியிருந்தார்கள். புழுங்கலரிசி உண்ட பக்கத்தில் அந்த நோயால் ஒருவர்கூட இறக்கவில்லை.

1907-இல் 'லான்செட்' மருத்துவ இதழில் இந்த முடிவு வெளியானது. ஒரு கூட்டத்தை இரண்டாகப் பிரித்து, ஒரே ஒரு வேறுபாட்டை மட்டும் வைத்து ஒப்பிட்டுப் பார்க்கும் முறைக்கு முன்னோடியாக மருத்துவ வரலாற்றாசிரியர்கள் இன்றும் இதைக் காட்டுகிறார்கள். காரணத்தை ஃபிளெட்சர் முழுமையாகக் கண்டுபிடிக்கவில்லை. தவிட்டோடு போய்விடும் ஒரு சத்துதான் விஷயம் என்பதும், அதற்கு வைட்டமின் பி1 என்ற பெயரும் பின்னால்தான் வந்தன. காரணம் தெரியாமலேயே சோதனை சரியான விடையைத் தந்துவிட்டது.

ஆனால் அந்த வரிசையில் நின்றவர்களின் பக்கத்திலிருந்தும் இதைப் பார்க்க வேண்டும். எந்த வார்டு வேண்டும் என்று அவர்களை யாரும் கேட்கவில்லை. என்ன நடக்கிறது என்று சொல்லவில்லை. அவர்கள் காப்பகத்தில் அடைபட்டவர்கள். மறுத்துப் பேச வழியற்றவர்கள். பல்லாயிரம் உயிர்களைக் காப்பாற்றப்போகும் ஓர் உண்மைக்கு அந்தப் 18 பேரின் உயிர் விலையாயிற்று. எலியாக்குகிறீர்களா என்ற கேள்வியின் வேர் இங்கேதான் இருக்கிறது.

சாங்கி முகாமும் ஓர் உப்பும்

மனநோய்க்கான மருந்துகளின் கதையிலும் நம் வட்டாரத்துக்கு ஒரு பங்கு உண்டு. ஜப்பானியர் காலத்தில் சிங்கப்பூரின் சாங்கி முகாமில் போர்க்கைதியாக இருந்தவர்களில் ஜான் கேட் என்ற ஆஸ்திரேலிய மருத்துவரும் ஒருவர். மனநோய்க்கும் உடலில் ஓடும் ஏதோ ஒரு வேதிப்பொருளுக்கும் தொடர்பு இருக்க வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு அழுத்தமாக உண்டாயிற்று.

போர் முடிந்து ஊர் திரும்பியவர், மெல்பர்னில் ஒரு சிறிய அறையில் ஆய்வு செய்தார். லித்தியம் என்ற எளிய உப்பை முதலில் தாமே விழுங்கிப் பார்த்தார். பின்னர் நோயாளிகளுக்குக் கொடுத்தார். கட்டுக்கடங்காத மனவெழுச்சி கொண்ட 10 பேரிடம் வியக்கத்தக்க மாற்றம் கண்டதாக 1949-இல் எழுதினார். அதே மருந்தின் நச்சுத்தன்மையால் அவருடைய முதல் நோயாளி 1950-இல் இறந்தார் என்பதும் வரலாறு. எந்த அளவு மருந்து, எந்த அளவு நஞ்சு என்ற கோடு அப்போது தெரிந்திருக்கவில்லை. இந்த லித்தியம் பிற்பாடு முதியவர்களின் கதையிலும் மீண்டும் வருகிறது.

இந்தியாவும் ஒரு மூலிகையைத் தந்தது. பாம்புக்கடிக்கும் பித்துக்கும் நாட்டு வைத்தியர்கள் கொடுத்துவந்த சர்ப்பகந்தா வேர், பித்தையும் இரத்தக் கொதிப்பையும் தணிக்கிறது என்று கல்கத்தாவின் கணநாத் சென்னும் கார்த்திக் சந்திர போஸும் 1931-இல் எழுதினார்கள். பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல் 1949-இல் இரத்தக் கொதிப்பில் அதன் பலனை உலகுக்கு எடுத்துக்காட்டினார். 1952-இல் சுவிட்சர்லாந்தின் சிபா நிறுவனத்தார் அதிலிருந்து ரிசர்பின் என்ற பொருளைப் பிரித்தெடுத்தார்கள்.

பின்னர் வந்தது குழப்பம். இரத்தக் கொதிப்புக்காக ரிசர்பின் சாப்பிட்ட சிலர் மனச்சோர்வில் விழுகிறார்கள் என்று மருத்துவர்கள் எழுதத் தொடங்கினார்கள். ஆனால் 1955-இல் லண்டனில் டேவிஸ், ஷெப்பர்ட் என்ற இருவர் மருந்தையும் வெற்று மாத்திரையையும் ஒப்பிட்டுச் சோதித்தபோது, பதற்றமும் சோர்வும் கொண்ட நோயாளிகளுக்கு ரிசர்பின் நன்மையே செய்தது என்று கண்டார்கள்! ஒரு மருந்தைப் பற்றி வாய்வழி வரும் செய்தி ஒன்று சொல்ல, முறையான சோதனை வேறொன்று சொன்னது.

தற்செயலாய்க் கிடைத்த மாத்திரைகள்

மனச்சோர்வுக்கான முதல் மாத்திரைகளும் தேடிப் போய்க் கிடைத்தவை அல்ல. நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவில் 1952-இல் காசநோயாளிகளுக்கு இப்ரோனியாசிட் என்ற மருந்தைக் கொடுத்தார்கள். படுத்த படுக்கையாய்க் கிடந்தவர்கள் எழுந்து நடமாடி உற்சாகமானார்கள். 1957-இல் அது மனச்சோர்வு மருந்தாயிற்று. கல்லீரலைக் கெடுக்கிறது என்று தெரிந்ததும் சில ஆண்டுகளிலேயே அமெரிக்கச் சந்தையிலிருந்து விலக்கப்பட்டது.

ஏறத்தாழ அதே காலத்தில் சுவிட்சர்லாந்தின் மூன்ஸ்டர்லிங்கன் மனநல மருத்துவமனையில் ரோலண்ட் கூன் என்பவர் இமிப்ரமின் என்ற பொருளின் பலனைக் கண்டார். 1957-இல் அவர் அதை வெளியிட்டார். அந்த மருந்தின் வழிவந்தவை இன்றும் பயன்படுகின்றன. ஆனால் அந்த மருத்துவமனையின் பழைய ஏடுகளை ஆராய்ந்த வரலாற்றாசிரியர்கள் 2019-இல் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். பல ஆண்டுகளாக அங்கே ஆயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகள் மீது புதுப்புதுப் பொருள்கள் சோதிக்கப்பட்டன என்பதும், அவர்களில் பலருக்கு அது சொல்லப்படவே இல்லை என்பதும் அதில் வெளிப்பட்டன. கோலாலம்பூரின் சாப்பாட்டுக் கொட்டகைக்கும் ஐரோப்பாவின் ஏரிக்கரை மருத்துவமனைக்கும் இந்த விஷயத்தில் அதிக தூரமில்லை.

மருந்து உண்மையிலேயே வேலை செய்கிறதா என்பதற்குப் பெரிய அளவில் விடை தேடியது பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சி மன்றம். 1965-இல் வெளியான அதன் சோதனையில் 250 நோயாளிகள் நான்கு பிரிவுகளாகப் பிரிக்கப்பட்டார்கள். நான்கு வாரங்களில் மின்அதிர்வுச் சிகிச்சை பெற்றவர்களில் 71 விழுக்காட்டினரும், இமிப்ரமின் எடுத்தவர்களில் 52 விழுக்காட்டினரும் நன்கு தேறினார்கள். மருந்தே இல்லாத வெற்று மாத்திரையில் 39 விழுக்காட்டினர் தேறினார்கள். ஃபெனல்சின் என்ற அசல் மருந்திலோ 30 விழுக்காட்டினர்தான்!

வெற்று மாத்திரை எதற்கு, ஏமாற்று வேலையா என்று கேட்பவர்களுக்கு இந்தக் கணக்கே பதில். மனச்சோர்வு தானாகவும் சற்றுத் தணியும். அக்கறையாய் ஒருவர் விசாரித்தாலே பாதி தணியும். ஒப்பிட்டுப் பார்க்காவிட்டால், காலம் செய்த வேலையை மருந்து செய்ததாக எண்ணிவிடுவோம்.

பட்டியலில் இல்லாத பெரியவர்

அந்த 1965-ஆம் ஆண்டுச் சோதனையில் இன்னொரு விவரம் உண்டு. அதில் சேர்க்கப்பட்டவர்களின் வயது 40 முதல் 69 வரை. எழுபதைத் தொட்டவருக்கு இடமில்லை.

இது அந்த ஒரு சோதனையோடு நின்றுவிடவில்லை. அடுத்து வந்த பல சோதனைகளில் வயது வரம்பு வைத்தார்கள். வயது பார்க்காத இடத்தில், இதயக் கோளாறு உள்ளவர் வேண்டாம், நீரிழிவு கட்டுப்படாதவர் வேண்டாம், மறதி உள்ளவர் வேண்டாம் என்று விலக்கினார்கள். பக்கவிளைவு வந்தால் எதனால் வந்தது என்று பிரித்துச் சொல்ல முடியாது என்பது அவர்கள் கூறிய காரணம். அதில் நியாயம் உண்டு. ஆனால் இவற்றில் எதுவுமே இல்லாத எழுபது வயதுக்காரர் எத்தனை பேர்?

விளைவு என்னவாயிற்று? திடகாத்திரமான நாற்பது வயதுக்காரரிடம் சோதித்த மாத்திரை, ஒரே நாளில் ஏழெட்டு மாத்திரை விழுங்கும் எழுபத்தைந்து வயதுக்காரருக்கு எழுதிக் கொடுக்கப்பட்டது. முதிய உடலில் சிறுநீரகமும் கல்லீரலும் மருந்தை மெதுவாகவே வெளியேற்றும். இளையவருக்கு அளவான மருந்து முதியவருக்கு மிகையாகிவிடும். சில மனச்சோர்வு மாத்திரைகள் இரத்தத்தில் சோடியத்தைக் குறைக்கும், தலை சுற்றும், நடை தள்ளாடும். இளையவர் விழுந்தால் எழுந்து மண்ணைத் தட்டிவிட்டுப் போவார். முதியவர் விழுந்தால் இடுப்பெலும்பு முறியும். அதன் பிறகு படுக்கைதான்.

ஆக, சோதனையில் சேர்க்காமல் விடப்பட்ட முதியவரும் சோதிக்கப்பட்டுக்கொண்டுதான் இருந்தார். கணக்கெழுதவும் கண்காணிக்கவும் ஆள் இல்லை, அவ்வளவே.

முதியவர்களுக்கென்றே நடந்த இரண்டு சோதனைகள்

அண்மைக் காலத்தில்தான் இந்தக் குறையைப் போக்கும் முயற்சிகள் வலுப்பெற்றன. அவற்றில் இரண்டு குறிப்பிடத்தக்கவை.

முதலாவது, எஸ்கெட்டமின். மூக்கில் பீய்ச்சும் இந்தப் புது மருந்துக்கு 2019 மார்ச் மாதம் அமெரிக்கா அனுமதி அளித்தது. வாரக்கணக்கில் காத்திருக்காமல் விரைவாகப் பலன் தரும் என்பதால் உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் 65 வயதுக்கு மேற்பட்ட 138 பேரிடம் நான்கு வாரம் தனியாகச் சோதித்தபோது, மருந்துக்கும் வெற்று மருந்துக்கும் இடையிலான வேறுபாடு, புள்ளியியல் கேட்கும் கோட்டை நூலிழையில் தொடாமல் நின்றுவிட்டது. பின்னர் பிரித்துப் பார்த்ததில், 65 முதல் 74 வயதினரிடம் தெரிந்த அளவு பலன் 75-ஐக் கடந்தவர்களிடம் தெரியவில்லை. இளையவர்களை மட்டும் சோதித்திருந்தால் இது வெளியே வந்திருக்காது.

இரண்டாவது, அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்து 2023-இல் வெளியான 'ஆப்டிமம்' சோதனை. அறுபது வயதைக் கடந்த, குறைந்தது இரண்டு மருந்துகளுக்கு மசியாத 619 பேர் முதற்கட்டத்தில் சேர்ந்தார்கள். மருத்துவர்கள் அன்றாடம் தடுமாறும் கேள்விதான் சோதனையின் கேள்வி: பழைய மருந்தோடு இன்னொன்றைச் சேர்ப்பதா, அல்லது பழையதை நிறுத்தி வேறொன்றுக்கு மாறுவதா?

பழைய மருந்தோடு அரிபிப்ரசோல் சேர்த்தவர்களில் 28.9 விழுக்காட்டினர் நோய் நீங்கினார்கள். புப்ரோப்பியன் சேர்த்தவர்களில் 28.2 விழுக்காடு. பழையதை விட்டுப் புப்ரோப்பியனுக்கு மாறியவர்களில் 19.3 விழுக்காடு. முதல் இரண்டும் சமம்போல் தோன்றும். ஆனால் இந்தச் சோதனையில் யார் எத்தனை முறை தடுமாறி விழுந்தார் என்பதையும் எண்ணினார்கள். புப்ரோப்பியன் சேர்த்துக்கொண்டவர்களே அதிகமாக விழுந்திருந்தார்கள். எந்த மருந்து மனத்தைத் தூக்குகிறது என்பதோடு எது ஆளைக் கீழே தள்ளுகிறது என்பதையும் சேர்த்துப் பார்த்த பிறகுதான் தராசு ஒரு பக்கம் சாய்ந்தது.

முதற்கட்டத்தில் தேறாதவர்கள் உள்ளிட்ட 248 பேர் இரண்டாம் கட்டத்துக்கு வந்தார்கள். அங்கே ஒரு பிரிவுக்குக் கொடுக்கப்பட்டது ஜான் கேட் கண்ட அதே லித்தியம்! மற்றொரு பிரிவுக்கு நார்ட்ரிப்டிலின் என்ற பழைய மாத்திரை. நோய் நீங்கியவர்கள் முறையே 18.9 விழுக்காடும் 21.5 விழுக்காடும். பெரிய வேறுபாடு இல்லை. ஐந்தில் ஒருவருக்குத்தான் விடிவு. நான்கு பேர் இன்னும் காத்திருக்கிறார்கள். புதிய மருந்தும் புதிய சோதனையும் ஏன் வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் தேவையில்லை.

ஷா ஆலமுக்கு வந்த வழி

ஃபிளெட்சருக்குப் பிறகு கோலாலம்பூரில் என்ன நடந்தது? 1900-இல் நிறுவப்பட்ட மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த ஃபிரேசரும் ஸ்டேன்டனும், நெகிரி செம்பிலான் காட்டில் சாலை போட்ட 300 ஜாவானியத் தொழிலாளர்களை வைத்து அரிசிச் சோதனையைத் தொடர்ந்து, ஃபிளெட்சரின் முடிவை உறுதிசெய்தார்கள். கோலாலம்பூர்க் காப்பகத்தின் பணியை 1911-இல் பேராக்கில் திறக்கப்பட்ட தஞ்சோங் ரம்புத்தான் மருத்துவமனை ஏற்றது. அந்த ஊர்ப் பெயரே நம்மிடையே கேலிச்சொல்லாகிப்போனது. 'அங்கே அனுப்பிவிடுவார்கள்' என்ற பயத்தில் மனநோயை மறைத்த குடும்பங்கள் எத்தனையோ!

உலகம் மெல்ல மாறியது. நாஜி மருத்துவர்களின் கொடுமைகள் வெளிவந்த பின், 1947-இல் நியூரம்பர்க் நெறிகள் வந்தன; மனிதர் மீது சோதனை நடத்த அவருடைய மனமுவந்த ஒப்புதல் கட்டாயம் என்றன. 1964-இல் ஹெல்சிங்கிப் பிரகடனம் வந்தது. மலேசியாவும் 1999-இல் மருத்துவச் சோதனைக்கான தன்னுடைய நன்னெறி வழிகாட்டியை வெளியிட்டது. பதிவு பெறாத மருந்தை இங்கே சோதிக்க வேண்டுமானால் பெட்டாலிங் ஜெயாவில் உள்ள தேசிய மருந்து ஒழுங்குமுறை அமைப்பின் அனுமதி வேண்டும். சுகாதார அமைச்சின் மருத்துவமனையில் ஆய்வு என்றால் அதன் நன்னெறிக் குழு ஒப்ப வேண்டும்.

அந்தக் குழு இருக்கும் இடம் ஷா ஆலம். ஒரு காலத்தில் ரப்பரும் செம்பனையும் நின்ற மண். நம் மக்கள் வியர்வை சிந்திய சுங்கை ரெங்கம் தோட்ட வட்டாரம். 1978-இல் சிலாங்கூரின் தலைநகரான அதே ஷா ஆலமின் செத்தியா ஆலம் பகுதியில், தேசிய சுகாதாரக் கழகங்களின் வளாகம் இன்று நிற்கிறது. அரிசிச் சோதனை நடத்திய அந்தப் பழைய ஆராய்ச்சிக் கழகமும் இன்று அந்த வளாகத்தின் அங்கம். கேட்காமல் சோதித்த காலத்தின் வாரிசும், கேட்டுத்தான் சோதிக்க வேண்டும் என்று காவல் நிற்கும் குழுவும் ஒரே முகவரியில்!

கேட்க வேண்டிய கேள்விகள்

சட்டம் இருந்தால் மட்டும் போதுமா? கேட்கத் தெரிந்தவருக்குத்தான் சட்டம் காவல். மருந்துச் சோதனை பற்றி மருத்துவர் பேச்செடுத்தால், குடும்பத்தார் கோபப்படவும் வேண்டாம். கண்ணை மூடிக் கையெழுத்திடவும் வேண்டாம். சில கேள்விகளைக் கேட்கலாம்.

இந்த ஆய்வு தேசிய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிவாகியிருக்கிறதா? எந்த நன்னெறிக் குழு ஒப்பியது? வெற்று மாத்திரை கிடைக்கும் வாய்ப்பு உண்டா? இப்போது சாப்பிடும் இரத்தக் கொதிப்பு, நீரிழிவு மாத்திரைகளோடு இது மோதுமா? விழும் அபாயத்தையும் கணக்கெடுக்கிறார்களா? தற்கொலை எண்ணம் வந்தால் யாரை எந்த நேரத்தில் அழைப்பது? பாதியில் விலகினால் வழக்கமான சிகிச்சை தொடருமா? தொடர வேண்டும் என்பதே விதி.

இன்னொன்று முக்கியம். ஒப்புதல் என்பது பெரியவருடையது. மகனுடையது அல்ல, மருமகளுடையதும் அல்ல. அவருக்குப் புரியும் மொழியில் அது விளக்கப்பட வேண்டும். தமிழ் மட்டுமே சரளமாக வரும் ஒரு பாட்டியிடம் ஆங்கிலத் தாளை நீட்டிக் கட்டை விரல் ரேகை வாங்கினால், 1905-இல் வரிசையில் நிறுத்தி எண்ணியதற்கும் அதற்கும் பெரிய வேறுபாடு இல்லை. தமிழில் சொல்லுங்கள் என்று கேட்பது சலுகை கோருவதாகாது. அது உரிமை.

சேர்வதற்கும் மறுப்பதற்கும் அவருக்கு முழு உரிமை உண்டு. ஆனால் வயதாகிவிட்டது என்ற ஒரே காரணத்துக்காக, அவரைக் கேட்காமலேயே வேண்டாம் என்று நாம் முடிவு செய்துவிடுவதும் ஓர் அநீதிதான். தம் வேதனைக்கு மருந்து தேடும் முயற்சியில் பங்குகொள்ள விருப்பமா என்று அவரிடமே கேட்கலாம். பல மாதங்களாக யாரும் எதையும் கேட்காத அந்த மனிதருக்கு, அந்தக் கேள்வியே ஒரு மரியாதை.